800 வாட்டா, 1200 வாட்டா? ஸ்மோக்கருக்குக் காயில் மாற்றியவன் போட்ட கணக்கு

ஒஹையோவின் நவம்பர் குளிரில், பன்றித் தோள்கறி பாதி வெந்துகொண்டிருந்தபோது என் எலக்ட்ரிக் ஸ்மோக்கர் (மரப்புகையில் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் பெட்டி) மக்கர் பண்ணியது. டிஸ்ப்ளேயில் எண்கள் ஓடின, பெட்டிக்குள் சூடு மட்டும் ஏறவில்லை. கறியை வீட்டு ஓவனுக்கு மாற்றி அன்றைய விருந்தைக் காப்பாற்றினேன். மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினால், சூடேற்றும் காயில் நன்றாகத்தான் இருந்தது. மல்டிமீட்டர் 18 ஓம் காட்டியது. 120 வோல்ட்டில் ஓடும் 800 வாட் காயிலுக்கு அதுதான் சரியான கணக்கு. கருகியிருந்தது அதன் காலில் செருகியிருந்த லக், அதாவது வயரின் நுனியிலுள்ள உலோக இணைப்பு. கூடவே காயிலின் காலும் பாதி அரித்துப்போயிருந்ததால் காயிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 1200 வாட் போட்டால் என்ன என்ற ஆசை எனக்கும் வந்தது. சீக்கிரம் சூடேறும், கதவைத் திறந்து மூடினால் விட்ட சூட்டை உடனே பிடிக்கும். இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் 800-லேயே நின்றுவிட்டேன். காரணம், அந்தக் கருகிய லக்.

லக் கொஞ்சம் தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடு, சூட்டில் உலோகம் கறுத்து மேலும் தடை. ஒவ்வொரு சமையலிலும் அது விரிந்து சுருங்கி இன்னும் தளர்கிறது. 800 வாட் இழுப்பது ஏறக்குறைய 6.7 ஆம்ப், 1200 வாட் இழுப்பது 10 ஆம்ப். ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் இணைப்பில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே லக் 2.25 மடங்கு சூடாகும். 6.7 ஆம்ப்பிலேயே கருகிய இடத்தில் 10 ஆம்ப்பை விட எனக்கு மனம் வரவில்லை. பழைய போர்டில் காயிலை ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்ச்சான ரிலேயும் 800 வாட்டுக்கென்று வைத்தது. 1200 போட்டால் அதைத் தாண்டித் தனி வயரிங் இழுக்க வேண்டும்.

எந்தக் காயிலானாலும் லக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறை லக் இங்கே உருகிவிடும். நிக்கல் பூசிய, அதிக வெப்பம் தாங்கும் லக்கும், கண்ணாடியிழை உறை போட்ட 14 கேஜ் வயரும் வாங்கினேன். கட்டிங் பிளேயரால் நசுக்காமல் அதற்கான கிரிம்ப் கருவியால் அழுத்தினேன். பற்றவைத்தால் இன்னும் உறுதியாக இருக்குமே என்றார் ஒரு நண்பர். சாதாரண ஈய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், காயில் காலை நம்பி அதை வைக்க முடியாது.

அப்புறம் புகை. மரச்சில்லுத் தட்டு காயிலுக்கு மேலேதான் இருக்கிறது. 1200 வாட் சீக்கிரமே சூட்டை எட்டிவிட்டு நெடுநேரம் அணைந்து கிடக்கும். சில்லு குப்பென்று புகைந்து அடங்கிவிடும். அதே நண்பர் 1200 போட்டுவிட்டு, கடைசியில் புகைக்கென்று தனிக்குழாய் வாங்கினார். என் 800 வாட் காயில் அடிக்கடி எரிவதால் ஹிக்கரி மரச்சில்லு விட்டுவிட்டாவது புகைகிறது.

மிச்சமான ஆசையை, சூட்டை அளந்து அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கன்ட்ரோலரில் தீர்த்துக்கொண்டேன். முன்பு 225 பாரன்ஹீட் வைத்தால் மேலும் கீழும் ஊசலாடும். இப்போது அசையாமல் நிற்கிறது. ஒரு எச்சரிக்கை: அதோடு வரும் சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டால், பெரும்பாலும் அணையாமல் ஆன் நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். எனவே ஸ்மோக்கரிலுள்ள அதிவெப்பக் கட்-ஆஃபைத் தயவுசெய்து துண்டிக்காதீர்கள். அது இல்லாமல் இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கப்போக எனக்குத் தைரியம் கிடையாது.

1200 பற்றி நான் சொல்வதில் ஒரு குறையுண்டு. நண்பரின் பெட்டியில் நான்கைந்து முறை சமைத்ததுதான் என் அனுபவம், அதுவும் கோடையில். மினசோட்டா மாதிரி உறைகிற ஊரில் இருப்பவர்களுக்கு 800 போதாமல் போகலாம். என் பெட்டியே ஜனவரியில் 225-ஐத் தொட ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது, அதுவும் காற்று படாத மூலைக்கு நகர்த்திய பிறகு.

போன வாரம் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பதினெட்டுச் சமையல் ஆகியும் லக்கின் ஓரம் லேசாக நீலம் பாய்ந்ததோடு சரி, பிடி இறுக்கமாகவே இருக்கிறது.