ஃபோகஸை நம்பி ஆழம் அளக்கிறேன்: மூன்று வருட அனுபவம்

லேத்தில் உலோகத்தைச் சீவித் தேய்ந்த கார்பைடு இன்சர்ட்டில் (மாற்றிப் போடும் சின்ன வெட்டு முனை) விழும் குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்க, பழைய மைக்ரோஸ்கோப்பில் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும் கேமராவும் மாட்டி மூன்று வருடம் ஆகிறது.

10எக்ஸ் லென்ஸை 5 மைக்ரான் வீதம் இறக்கி 40 படம் எடுப்பேன். குழியின் விளிம்பு ஒரு படத்தில் கூர்மையாக விழும், அடி வேறொன்றில். ஒரு புள்ளி எந்தப் படத்தில் பளிச்சென்று தெரிகிறதோ, அப்போது லென்ஸ் நின்ற உயரம்தான் அந்தப் புள்ளியின் உயரம். கூர்மையை எண்ணாக்க, ஸ்ரீ நாயரும் நகாகவாவும் 1994 கட்டுரையில் சொன்ன லாப்ளேசியன் கணக்கை (பக்கத்துப் புள்ளிகளோடு வெளிச்சம் எவ்வளவு சட்டென மாறுகிறது என்று பார்ப்பது) பைத்தானில் எழுதிக்கொண்டேன். கூர்மை உச்சமாக வந்த படத்தோடு முன்பின் இரண்டையும் சேர்த்து காஸியன் என்கிற மணி வடிவ வளைவு போட்டால், 5 மைக்ரானுக்கும் நுணுக்கமாகப் பிடிக்கலாம். கிரைண்டிங் செய்த தட்டில் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜை (தடிமன் தெரிந்த மெல்லிய தகடு) வைத்துச் சோதித்தேன். 97 மைக்ரான் காட்டியது. "கேஜ நம்புறதா, கேமராவ நம்புறதா தம்பி?" என்றார் மெஷின் ஓட்டும் அண்ணன்.

தங்க நிறக் கோட்டிங் உள்ள இன்சர்ட்தான் உயிரை வாங்கியது. மின்னும் புள்ளி ஃபோகஸ் தவறும்போது வட்டமாக விரியும். அந்த வட்டத்தின் ஓரத்தைக் கூர்மை என்று கணக்கு ஏமாந்துவிடும். கணக்கு தரும் உயரப் படம் முழுக்க முள்ளம்பன்றி மாதிரி ஊசிகள். விரிசல் பார்க்கும் வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரேயை அடித்தேன். ஊசிகள் போயின, குழியும் பாதி தூர்ந்தது! இப்போது எல்இடி வளையத்துக்கு டிஷ்யூ பேப்பர் சுற்றியிருக்கிறேன். முக்கால்வாசி சரி.

வழவழப்பான இடத்தில் உச்சமே வராது. அதை மீடியன் ஃபில்டர் போட்டு, அதாவது சுற்றியுள்ள புள்ளிகளின் நடு மதிப்பை வைத்து, மூடினால் படம் அழகாக இருக்கும், ஆனால் பொய். ஓட்டையாகவே விட்டுவிடுகிறேன். மோட்டாரை ஒரே திசையில்தான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பேக்லாஷ் (திசை மாறும்போது திருகில் வரும் தளர்வு) கணக்கைக் கெடுக்கும். கம்ப்ரஸர் ஓடும்போது அதிர்வு வரும், தொடவே கூடாது; சாப்பாட்டு நேரத்தில்தான் என் ஷூட்டிங்.

நாற்பது படம் எதற்கு, மங்கலை வைத்தே கணக்கிடலாமே என்று அதையும் பார்த்தேன். ஒரே படத்தில் புள்ளி ஃபோகஸுக்கு முன்னாலா பின்னாலா என்றே தெரியாது. இரண்டு படம் எடுத்தால் தெரியும், ஆனால் லென்ஸ் மங்கலாக்கும் விதத்தை அச்சுப் பிசகாமல் அளந்து வைத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

ஃபோகஸை வைத்து மேற்பரப்பு அளக்கும் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 25178-606 தரப்படி வரும் கருவிகள் இதே வேலையை ஒழுங்காகச் செய்யும், விலையும் அப்படி. கஸ்டமர் ரிப்போர்ட்டில் என் எண்ணை நான் போடுவதில்லை. இன்சர்ட்டை இன்னொரு ஷிஃப்ட் ஓட்டலாமா, புது முனைக்குத் திருப்பிப் போடணுமா என்று முடிவு செய்ய மட்டும் தினமும் இதைத்தான் பார்க்கிறேன்.