50 சதவீத நிழல்வலை: வெயிலுக்குச் சரி, வைரசுக்குப் போதாது

மிளகாய் நாற்றுமேடைக்கு, வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீதக் கறுப்பு நிழல்வலை நல்ல தெரிவு. யூலையில் கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும்போது மட்டக்களப்பின் களுதாவளை மணல் கொதிக்கும். மறைப்பில்லாத நாற்று மத்தியானமே துவண்டுவிடும். 6 அடிக்குக் குறையாமல் கட்டுங்கள். தாழக் கட்டினால் வெக்கை உள்ளேயே தேங்கும். 75 சதவீத வலை வேண்டாம்: நாற்று நெடுத்து மெலியும், ஈரம் காயாமல் அடித்தண்டு அழுகும்.

பெரிய குறை ஒன்று. இலைச்சுருள் வைரசைக் காவும் வெள்ளை ஈ இந்தக் கண்ணிக்குள்ளால் தாராளமாக நுழையும். 'நோயும் வராது' என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். நோயைத் தடுக்க மேலேயும் பக்கங்களிலும் 50 மெஷ் (ஓர் அங்குல நீளத்தில் 50 கண்ணி) பூச்சிவலை வேண்டும், அடிவிளிம்பு மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும்.

நடுகைக்கு ஒரு கிழமை முன்பிருந்தே காலை வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டுங்கள். நிழலிலிருந்து நேரே நட்டால் இலை கருகும்.