பள்ளியில் பைபிள்: இங்கிலாந்தும் அமெரிக்காவும்

இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் சமயக் கல்வி கட்டாயம் உண்டு. 1988 சட்டப்படி கிறிஸ்தவத்துக்கு முதலிடம். மற்ற முக்கிய மதங்களையும் சேர்த்தாக வேண்டும். தினசரி கூட்டு வழிபாடும் சட்டத்திலேயே இருக்கிறது, பல பள்ளிகள் கண்டுகொள்வதில்லை என்பது வேறு கதை. பிடிக்காத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளி நடத்தும் ஜெபத்துக்கு உச்ச நீதிமன்றம் 1962-இல் தடை போட்டது. மறு ஆண்டே வழிபாடாகப் பைபிள் வாசிப்பதற்கும். ஆனால் பைபிளை இலக்கியமாக, வரலாறாகப் படிக்கலாம் என்று அதே 1963 தீர்ப்பு சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நோவா கதையை ஆசிரியர் தாராளமாக நடத்தலாம்; நம்பச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

பல மதங்களை வகுப்புக்குள் கொண்டுவருவதில் இங்கிலாந்துக்கே என் ஓட்டு. வழிபாட்டையும் பள்ளியின் தலையில் கட்டியதுதான் உறுத்துகிறது.