குளவியா, தேனீயா? உடம்பைப் பார்த்தே சொல்லலாம்

மஞ்சளும் கறுப்புமாக ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தால் முதலில் இடுப்பைப் பாருங்கள். குளவிக்கு நூல் போன்ற இடுப்பு. தேனீக்கும் அந்த ஒடுக்கம் உண்டு, ரோமம் மூடியிருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. வேடிக்கை என்னவென்றால், இரண்டிலுமே வயிற்றின் முதல் கண்டம், அதாவது முதல் வளையத் துண்டு, மார்போடு ஒட்டிப்போய், அதற்குப் பின்னால்தான் உடல் ஒடுங்குகிறது. எறும்புக்கும் இதே கதைதான்; கூடவே இடுப்பில் ஒன்றோ இரண்டோ கணுக்கள்.

ஆனால் நம்பிப் பிரித்துச் சொல்ல ரோமம்தான் நல்ல அடையாளம். லென்ஸில் பார்த்தால் தேனீயின் ரோமம் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். மகரந்தம் அதில் நன்றாகச் சிக்கும். குளவியின் ரோமத்தில் கிளை இல்லை. வேலைக்காரத் தேனீயின் பின்னங்கால் அகன்று, மகரந்தக் கூடையோடு இருக்கும். குளவிக்கு மெலிந்த கால். பூச்சிகளைப் பிடிக்கும் வேட்டைக்காரிக்குக் கூடை எதற்கு?

கொடுக்கு இரண்டிலும் முட்டையிடும் உறுப்பிலிருந்து உருவானது, அதனால் ஆண்கள் கொட்டுவதில்லை. தேனீயின் கொடுக்கில் பெரிய முட்கள். நம் தோலில் குத்தினால் பிய்ந்து அங்கேயே தங்கிவிடும். குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

சரி, வகைப்பாடு? குளவி, தேனீ, எறும்பு மூன்றும் ஹைமனாப்டிரா என்ற பூச்சி வரிசையைச் (order) சேர்ந்தவை. எறும்புகள் ஃபார்மிசிடே குடும்பம், தேன் சேர்க்கும் தேனீ ஏபிடே, காகிதக் கூடு கட்டும் குளவி வெஸ்பிடே. குளவிகள் எல்லாமே ஒரே கிளையில் அடங்குவதில்லை. வேட்டைக் குளவிகளின் ஒரு கிளையிலிருந்துதான் தேனீக்கள் வந்தன. மரபணு ஆய்வுகளின்படி, காகிதக் குளவியைவிட எறும்புதான் தேனீக்கு நெருங்கிய சொந்தம்.