தங்கச்சிமடத்து ஜெராக்ஸ் கடையும் என் 28 பக்கப் புத்தகமும்

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடந்த 61 நாளில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதினேன். ஃபெலிக்ஸ் மான்ஸ் என்ற அனபாப்டிஸ்ட் ஊழியரின் வாழ்க்கை. குழந்தை ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசித்த பிறகே எடுக்க வேண்டும் என்ற கிறிஸ்தவர்கள்தான் அனபாப்டிஸ்டுகள். நோட்டில் எழுதியதை டைப் அடித்து, 40 பிரதி எடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுத்தது தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஜெராக்ஸ் கடை.

அங்கே டைப் அடிக்கிற தங்கச்சி படித்துக்கொண்டே அடிப்பவர். 1525 ஜனவரி 21 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மான்ஸின் தாயார் வீட்டில் பெரியவர்கள் விசுவாசித்து ஞானஸ்நானம் எடுத்தது, மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பவரை நீரில் மூழ்கடிக்க நகர சபை மறு வருஷம் மார்ச்சில் உத்தரவு போட்டது எல்லாம் மளமளவென்று ஏறின. 1527 ஜனவரி 5 வந்ததும் கை நின்றுவிட்டது.

அன்று மான்ஸை மீன் சந்தை வழியாக நடத்திப்போய்ப் படகில் ஏற்றினார்கள். கைகளைக் கட்டி, முழங்காலுக்குக் கீழே இறக்கி, கைக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கம்பைச் செருகினார்கள். கரையில் நின்ற தாயும் சகோதரனும் உறுதியாக இருக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். ‘ஆண்டவரே, உம் கைகளில் என் ஆவியை ஒப்படைக்கிறேன்’ என்று அவர் லத்தீனில் பாடினார். லிம்மாத் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். தண்ணீரில் விழுந்தவன் கை முதலில் எதைத் தேடும் என்று கடலுக்குப் போகிறவனுக்குத் தெரியும். அந்தக் கம்பைப் பற்றி எழுதிவிட்டு எனக்கும் இரண்டு நாள் பேனா ஓடவில்லை.

“அண்ணே, இவரக் கொன்னது வேற மதத்துக்காரங்களா?”

“இல்லம்மா, அதே வேதத்தப் படிச்சவங்கதான். அந்த ஊர்ப் போதகர் சுவிங்லியோட முதல்ல ஒண்ணா இருந்தவரு இவரு.”

ஆதார் ஜெராக்ஸுக்கு ஒருவர் காத்திருந்தார். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தார்.

பைண்டிங்கைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டேப்ளர் பின் அடித்தால் போதும் என்றுதான் கேட்டேன். கடைக்காரர் பழைய நோட்டு ஒன்றை விரித்துக் காட்டினார்; உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து, தாளில் செம்மண் கறை போல இறங்கியிருந்தது. நடு மடிப்பில் மூன்று துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்துக் கொடுத்தார். முடிச்சை உள்பக்கம் போடுகிறார். வலை பொத்துகிற என் கண்ணுக்கே அதில் குறை தெரியவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் புரூஃபில் 1527 என்பது 1572 ஆகியிருந்தது. சொன்னவுடன் காசு வாங்காமல் திருத்தினார்கள். அதனால் புரூஃப் பார்க்காமல் பிரிண்ட் போடச் சொல்லாதீர்கள். அட்டை லேமினேஷனும் வேண்டாம், ஓரம் பிரிகிறது. வியாழக்கிழமை தருவதாகச் சொல்லி, சனிக்கிழமைதான் தந்தார்கள்.

பிரதிக்கு 55 ரூபாய். எடுக்கப் போனபோது கட்டில் 39தான் இருந்தது. ஒன்றுக்குக் காசை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தங்கச்சி தன் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.