நிலாவெளி மணலுக்கு எந்தக் கம்பி வலை?

திருகோணமலைக்கு வடக்கே, உப்புவெளியிலிருந்து நிலாவெளி ஊடாகக் குச்சவெளி வரை கடலோரக் காணிகளில் கிடுகும் பனைமட்டையும் குறைந்து சங்கிலி வலை வேலிதான் இப்போது அதிகம். திருகோணமலைக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் மூன்று வகை காட்டுவார்கள்: மெல்லிய கல்வனைஸ் பூச்சு (நாகம், அதாவது சிங்க் பூசியது), கனத்த கல்வனைஸ் பூச்சு, பச்சைப் பிளாஸ்ரிக் உறை போட்டது. கடல் கண்ணுக்குத் தெரியும் காணி என்றால் இரண்டாவதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

காரணம் வெறும் கணக்கு. கடுமையான கடற்கரைக் காற்றில் நாகப்பூச்சு ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரோன் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) வரை கரையும். ஒரு சதுர மீற்றருக்கு 60 கிராம் பூசிய மலிவுக் கம்பியில் இருப்பதே 8 மைக்ரோன் அளவுதான்; ஒன்றிரண்டு வருடத்தில் செந்நிறத் துரு தெரியத் தொடங்கும். 245 கிராம் பூச்சில் 34 மைக்ரோன் இருக்கிறது, நான்கு முதல் எட்டு வருடம் தாங்கும். கனத்த பூச்சு பெரும்பாலும் மங்கிய சாம்பல் நிறம். பளபளவென்று வெள்ளி போல மின்னினால் பெரும்பாலும் மெல்லிய பூச்சு. கண்ணை மட்டும் நம்பாமல் பூச்சு எத்தனை கிராம் என்று கேளுங்கள். கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அந்தச் சுருளை விட்டுவிடுங்கள்.

தராசும் உதவும். 2 அங்குலக் கண், 5 அடி உயரம், 50 அடி நீளச் சுருள் உண்மையிலேயே 2.5 மி.மீ. கம்பி என்றால் 37 முதல் 40 கிலோ வரும். 25 கிலோதான் நிற்கிறது என்றால் அது 2 மி.மீ.

பச்சை உறை வலை பார்வைக்கு அழகு, விலையும் கூட, ஏமாற்றமும் அதிகம். 2.5 மி.மீ. என்று சொல்வது பல வேளை பிளாஸ்ரிக்கையும் சேர்த்த அளவு. ஒரு நுனியின் உறையைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பியை அளந்து பாருங்கள். வெட்டிய முனையாலும், கம்பியோடு கம்பி உரசும் மடிப்பாலும் உப்புநீர் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே கம்பி உக்கிப்போகும்.

துருவையாவது பூச்சால் தள்ளிப் போடலாம். மணல் அப்படியில்லை. கலிபோர்னியா - மெக்சிகோ எல்லையில் அல்கொடோனஸ் மணற்குன்றுகளின் மேல் ஏறத்தாழ 7 மைலுக்கு வேலி போட்டபோது அத்திவாரமே வைக்கவில்லை. 15 அடி அளவு உயரமான உருக்குக் குழாய்ச் சட்டங்களை அகன்ற அடியோடு மணலின்மேல் இருத்தினார்கள்; மணல் ஏறினால் இயந்திரத்தால் தூக்கி மேலே வைக்கலாம். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர்ப் பக்கம் இந்திய - பாகிஸ்தான் எல்லை வேலி நிலத்தில் நட்டது. கோடைப் புழுதிக்காற்றில் குன்று நகர்ந்து அதன்மேல் ஏறினால் வாரித்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூடிய இடத்தில் நடந்தே தாண்டலாம். நம் கரையில் வாடைக்காற்று கொண்டுவரும் மணல் அதில் ஒரு துளிதான், ஆனாலும் நடப்பது அதுவே. ஆகவே வலையைத் தூக்கக்கூடியதாகப் போடுங்கள்.

9 அடிக் கொங்கிறீற் தூண், 3 அடி மண்ணுக்குள். மேலே நிற்கும் 6 அடியில் 5 அடி வலை கட்டினால், மணல் ஏறும்போது உயர்த்த ஏறத்தாழ 10 அங்குலம் மிச்சம் இருக்கும். தூணுக்குத் தூண் 8 அடி. குழி 1 அடிச் சதுரம், 1:3:6 கலவை (சீமெந்து, மணல், கல்). கடற்கரை மணலைக் கலவையில் சேர்த்தால் அதிலுள்ள உப்பு தூணின் உள்கம்பியைத் துருவேற்றி வெடிக்க வைக்கும். ஆற்று மணல்தான் வேண்டும். மூலைத் தூணுக்கு இரு பக்கமும் முட்டுத்தூண் கட்டாயம், இல்லையென்றால் இழுவைக் கம்பியை முறுக்கும்போதே சாயும். மேல், நடு, கீழ் என மூன்று 10 கேஜ் (3 மி.மீ.க்குச் சற்றுக் கூடிய தடிப்பு) இழுவைக் கம்பிகளில் வலையைக் கட்டுங்கள். கட்டுவதற்குப் பூச்சில்லாத சாதாரணக் கட்டுக்கம்பி உதவாது, முதலில் அறுவது அதுதான். வலையின் அடி நிலத்திலிருந்து 2 அங்குலம் எழும்பி இருக்கட்டும். ஈர உப்பு மணலில் புதைந்த நாகப்பூச்சு விரைவில் போய்விடும். வெட்டிய முனைகளுக்கு நாகப் பெயின்ற் பூசுங்கள்.

மறைப்புக்காகப் பச்சை நெற் (நிழல்வலைத் துணி) கட்டுவதுதான் இங்கே அதிகம் பார்க்கும் பிழை. வெறும் வலையில் பத்தில் ஒன்பது பங்கு திறந்த வெளி, காற்றும் மணலும் ஊடே போய்விடும். பாதி திறந்த தடுப்புத்தான் மணலை நன்றாகப் பிடிக்கும். பாலைவன வீதிகளின் ஓரத்தில் மணலைத் தேக்குவதற்கென்றே அப்படித் தடுப்பு வைக்கிறார்கள். நெற் கட்டினால் நீங்களே வேலியடியில் ஒரு மேடு வளர்க்கிறீர்கள், வாடைக்காலத்தில் காற்றின் சுமை முழுவதும் தூணில் விழும். மணலைப் பிடிக்க வேண்டுமென்றால் கடல் பக்கம் இரண்டு மீற்றர் தள்ளி அடம்பன் கொடியை வளரவிடுங்கள். வலையில் ஏறினால் மட்டும் வெட்டிவிடுங்கள்.

மாரியில் மழையே உப்பைக் கழுவிவிடும். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் பக்க வலையை மாதம் ஒருமுறை நீர் அடித்துக் கழுவுங்கள்; கிணறு உவர் என்றால் அந்த நீர் வேண்டாம்.