காசு கொடுத்து விளையாடிய காலத்தில் தவறவிட்ட ஹாஃப் லைஃப்

போரினால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2002 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்தில் நெற் கபேக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு நடுவே, மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து, அங்கே நாங்கள் விளையாடியது கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டு. அதே கணினித் திரையின் ஓரத்தில், கிரேக்க லாம்ப்டா எழுத்தைத் தாங்கிய செம்மஞ்சள் நிற ஐகன் ஒன்றும் இருந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக் என்பது 1999 இல் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மேல் இரசிகர்கள் கட்டிய மாற்று வடிவமாகத் தொடங்கியது. ஆகவே அந்த வடிவம் தாய் விளையாட்டு இல்லாமல் ஓடாது என்பதனால்தான் அந்த ஐகன் அங்கே இருந்தது என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. ஒருநாள் அதை அழுத்திப் பார்த்தேன். சுடுவதற்கு ஒன்றுமில்லை; ஒரு தொங்குவண்டி சுரங்கத்துக்குள்ளே போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த நண்பன் "காசு போகுது, மூடடா" என்றான். மூடிவிட்டேன்.

அந்த வண்டியில் மறுபடி ஏறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2023 நவம்பரில் வால்வ் நிறுவனம் தன் ஹாஃப் லைஃப் விளையாட்டின் இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டு, சில நாட்கள் அதை இலவசமாகவும் கொடுத்தது. அப்போது என் தங்கையின் மகன் தன் கணக்கில் எடுத்துவைத்ததைத்தான் நான் அண்மையில், அவன் கைவிட்ட பழைய மடிக்கணினியில், மூன்று வாரத்து இரவுகளில் முடித்தேன். நாற்பது வயதைத் தாண்டியவன் முதன்முறையாக விளையாடி எழுதும் மதிப்புரை இது; இளமை நினைவின் சலுகை எதையும் இதற்கு நான் கொடுக்கவில்லை, கொடுப்பதற்கு அப்படியொரு நினைவும் என்னிடம் இல்லை.

மைக்ரோசொஃப்ட்டில் பணியாற்றிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் ஆகிய இருவரும் 1996 இல் தொடங்கிய வால்வின் முதல் விளையாட்டு இது. குவேக் விளையாட்டின் இயந்திரத்தை, அதாவது அது ஓடும் அடிப்படை மென்பொருளை, உரிமம் பெற்று, அதைப் பெருமளவு மாற்றியமைத்து, 1998 நவம்பரில் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தின் அடியில் உள்ள பிளாக் மேசா ஆய்வுகூடம். அங்கே வேலைக்குப் பிந்தி வரும் கோர்டன் ஃப்ரீமன் என்ற பௌதிகவியலாளர். பிழைத்துப்போகும் ஒரு பரிசோதனை. அதனால் வேற்றுலக உயிரினங்களுக்குத் திறந்துவிடும் வாசல். கதை இவ்வளவுதான். அதைச் சொல்லும் முறைதான் இன்றும் பழுதாகவில்லை.

நான் அன்று மூடிவிட்ட அந்த வண்டிப் பயணம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் நீள்கிறது. அதற்குள் நீங்கள் எழுந்து நடக்கலாம், எந்தக் கண்ணாடி வழியாகவும் பார்க்கலாம், ஆனால் இறங்க முடியாது. பூட்டிய கதவொன்றைத் தட்டிக்கொண்டு நிற்கும் காவலாளி, பாரம் தூக்கும் இயந்திரங்கள், கசிந்து கிடக்கும் பச்சைக் கழிவு, எதிரே இன்னொரு வண்டியில் கைப்பெட்டியுடன் நிற்கும் கோட்டுக்காரர் எல்லாம் கடந்துபோகின்றன. இறங்கிய பிறகும் துவக்கு கிடைப்பதில்லை. சக ஊழியர்களோடு கதைக்கலாம், உடைமாற்றும் அறைக்குப் போகலாம், ஓய்வறை மைக்ரோவேவ் அடுப்பில் யாரோ வைத்திருக்கும் சாப்பாட்டை விசையை அழுத்தி அழுத்திக் கருக்கி, அவரிடம் பேச்சும் வாங்கலாம். பின்னால் இதே நடைபாதைகள் இடிந்து, மின்கம்பிகள் பொறிபறக்கத் தொங்கும்போது, சற்று முன்பு கதைத்த மனிதர் எந்த மேசையடியில் கிடக்கிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. பேரழிவுக்கு முன் ஓர் ஒழுங்கான வேலைநாள் இருந்தது என்பதைக் காட்டுவதற்கு அந்த ஐந்து நிமிடம் தேவை. மணிக்கணக்கில் காசு வாங்கும் கடையில் அதற்கு யாரும் பொறுமையாக இருந்திருக்க மாட்டார்கள்.

விளையாட்டு முழுவதிலும் பார்வை ஃப்ரீமனின் கண்ணை விட்டு விலகுவதே இல்லை. சினிமாபோல வெட்டிக்காட்டும் காட்சித் துண்டுகள் கிடையாது. அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அத்தியாயங்களுக்கு இடையே திரையில் எழுத்துகள் தோன்றி மறைகின்றன, ஆனால் நடை தடைப்படுவதில்லை. இன்றைக்குப் பல புதிய விளையாட்டுகள் நம் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி எதையாவது காட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்துச் சலித்த எனக்கு இந்த மரியாதை மிகவும் பிடித்திருந்தது.

முதலில் கையில் கிடைக்கும் ஆயுதம் ஒரு அலவாங்கு. நம் ஊரில் வேலிக் கதியால் நடக் குழி தோண்டும் ஆளுயர அலவாங்கு அல்ல. ஆணி கழற்றும் வளைந்த தலையுள்ள சிறியது. பெட்டி உடைக்கவும், கண்ணாடி தகர்க்கவும், தலையைக் கவ்வப் பாயும் 'தலைநண்டு' என்னும் பிராணிகளை அடிக்கவும் அதுதான். (பெயரில்தான் நண்டு, பார்ப்பதற்குத் தோலுரித்த கோழிபோலவே இருக்கிறது.)

உருவங்கள் இன்றைய கண்ணுக்குக் கட்டைகட்டையாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் இது காதால் விளையாட வேண்டிய விளையாட்டு. ஏவுகணை இயந்திரம் பரிசோதிக்கும் ஆழமான குழி ஒன்றில் மூன்று பெரும் கொடுக்குக் கரங்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்குக் கண் இல்லை. ஓசை கேட்ட இடத்தில் கொத்தும். இரும்புத் தளத்தில் மெதுவாகக் குனிந்து நடக்க வேண்டும், கைக்குண்டை வேறுபக்கம் எறிந்து அவற்றின் கவனத்தைத் திருப்ப வேண்டும், எரிபொருள், ஒட்சிசன், மின்சாரம் மூன்றையும் வெவ்வேறு இடங்களில் இயக்கிவிட்டு வந்து அந்த இயந்திரத்தைக் கொளுத்த வேண்டும். ஒரே எதிரியை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் மூச்சைப் பிடித்திருக்கச் செய்த அந்த அத்தியாயத்தில் நான் சுட்ட சன்னங்கள் மிகக் குறைவு.

இதற்கும் முந்தைய அத்தியாயம் ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். இராணுவம் வருகிறது, அவர்கள் எங்களைக் காப்பாற்றுவார்கள் என்று உயிர்தப்பிய ஆய்வாளர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு படைவீரர்கள் வருகிறார்கள். மீட்க வந்துவிட்டார்கள் என்று ஓடிப்போகும் ஆய்வாளர் ஒருவர் நம் கண் முன்னே சுடப்படுகிறார். விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை. நடந்ததைக் கண்டவர்களை மிச்சம் வைக்கக் கூடாது என்பதுதான் கட்டளை என்பதை நாமே ஊகித்துக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவர் இந்தக் காட்சியின் முன்னே எப்படி அமர்ந்திருப்பார் என்று அதை ஆக்கியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. நான் விளையாட்டை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போனேன். 1998 இல், ஊரில் மின்சாரமே பெரும்பாலும் இல்லாதபோது, பதின்ம வயதில் இதை விளையாடியிருந்தால் எதிரி மாறிவிட்டான் என்பதோடு அதைக் கடந்திருப்பேனோ, தெரியவில்லை.

அந்த வீரர்கள் சண்டையிடும் விதமும் வயதை உணர்த்தவில்லை. வானொலியில் ஒருவரோடொருவர் கதைக்கிறார்கள்; மறைந்திருந்தால் கைக்குண்டு வீசுகிறார்கள்; ஒருவன் முன்னால் சுட்டுக்கொண்டிருக்க மற்றவன் பக்கவாட்டால் வருகிறான். வெளிப்புற மலைச்சரிவில் ஹெலி ஒன்று துரத்தும் இடத்தில், அது எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைத் திரையைப் பார்க்காமலே என் காது சொல்லியது. ஹெலிச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் இறங்கிப் பழகிய தலைமுறைக்கு இது பயிற்சி தேவைப்படாத பாடம். இடையில் கைமாற்றி வாங்கிப் பார்த்த மருமகன் அதே இடத்தில் ஏழெட்டுத் தடவை செத்தான்.

குறைகள் இல்லாமலில்லை. ஆய்வாளர்களுக்கு நான்கே முகங்கள். காவலாளிகள் எல்லோருக்கும் ஒரே முகம். ஒருவரைப் பறிகொடுத்த துக்கம், அடுத்த அறையில் அவரே மறுபடி நிற்பதைக் கண்டதும் சிரிப்பாகிவிடுகிறது. இவ்வளவு பெரிய ஆய்வுகூடத்தில் ஒரு பெண் ஆய்வாளரும் இல்லை. ஃப்ரீமனின் கவச உடையின் குரல் போன்ற இயந்திரக் குரல்களும், கறுப்புடையில் கொல்ல வருபவர்களும்தான் பெண்கள். தண்டவாள வண்டியில் சுற்றும் அத்தியாயம் இழுபடுகிறது. ஏணிகள் பெரும் எதிரி: விளிம்பில் சற்றுப் பிசகினால் விழுந்து சாக வேண்டியதுதான்.

கடைசியில் செல்லும் சென் என்ற வேற்றுலகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஈர்ப்பு குறைந்த மிதக்கும் பாறைகளில் நீண்ட தாவல்கள். இடமும் ஓசையும் சேர்ந்து கட்டியெழுப்பிய நம்பகம் அங்கே கழன்று, வெறும் தாவல் கணக்காக மாறிவிடுகிறது. இரசிகர் குழு ஒன்று புதிதாகக் கட்டி 2020 இல் முழுமையாக வெளியிட்ட பிளாக் மேசா என்ற மறுவாக்கத்தில் இந்தப் பகுதி முற்றிலும் மாற்றப்பட்டிருக்கிறது. அழகாகவும் இருக்கிறது. ஆயினும் மூலத்தை முதலில் விளையாடுங்கள். அதன் கஞ்சத்தனமான வெளிச்சத்துக்கும் வெறுமையான நடைபாதைகளுக்கும் ஒரு குளிர்ச்சி உண்டு, மறுவாக்கத்தில் அது குறைவு.

வாங்க விரும்புவோருக்கு: வால்வின் இணையக் கடையான ஸ்டீமில் பத்து டொலருக்கும் குறைவு, மலிவு விற்பனைக் காலத்தில் அதைவிடக் குறையும். வேகமான கணினி தேவையில்லை. காதொலிப்பான் கட்டாயம் வேண்டும். எஃப்6 விசையை அழுத்தினால் அந்த இடத்திலேயே சேமித்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போகும் ஊரில், பற்றரி செத்த மடிக்கணினியில் விளையாடியவன் என்ற முறையில் அதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். இரத்தம் தாராளமாகத் தெறிப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல.

மருமகனுக்குப் பதினேழு வயது. நான் முடித்த பின் அவன் முதலிலிருந்து தொடங்கினான். வண்டிப் பயணம் முடியும்வரை கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது ஓய்வறையில் அந்தச் சாப்பாட்டை மூன்றாவது தடவையாகக் கருக்கிக்கொண்டிருக்கிறான்.